உபாத்தியாயரின் யோக்கியதை

யோக்கியதை என்னும் சொல்லை நம்மவர் இரு பொருளில் வழங்கி வருகின்றனர். ஒரு வேலைக்கு வேண்டிய படிப்பும் திறமையும் உடையவனை அவ்வேலைக்கு யோக்கியதை உள்ளவன் என்கின்றோம். பிறர் பொருளுக்கும் பிறர் மானத்துக்கும் தீங்கு நினையாதவனை யோக்கியன் என்கின்றோம். பேச்சு வழக்கில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. ஆனால், அந்நிய நாடு சென்று ஆங்கிலம் போதிக்க விரும்பும் ஒருவன் அந்நாட்டுக் குடிநுழைவு அதிகாரியின் முன்னே போய் நிற்கும்போது, இரண்டும் தனித்தனியே பிரிக்கப்பட்டு இரண்டு காகிதங்களாக அவனிடம் கேட்கப்படுகின்றன. ஒன்று, சர்வகலாசாலைப் பட்டம். மற்றொன்று, இவன் யாதொரு குற்றத்துக்கும் தண்டனை பெற்றவனல்லன் என்று அவன் நாட்டுப் போலீஸார் தரும் சான்றுப் பத்திரம்.

பட்டம் பெறாதவன் பாடஞ் சொல்லலாமா? சிறை சென்று மீண்டவனைப் பிள்ளைகளின் நடுவே விடலாமா? இவ்விரு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டு, ஒரே மூச்சில் ‘கூடாது’ என்று விடை சொல்லிவிடுவோர் பலர். வேறு சிலர், ‘திறமையுள்ளவனுக்குப் பட்டம் எதற்கு? தண்டனையை அனுபவித்து முடித்தவனை மேலும் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?’ என்று அதே வேகத்தில் எதிர்வாதம் புரிகின்றனர். இரு சாராரும் இரண்டு காகிதங்களையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகின்றனர் என்பதே நம் குறை. ஆதலின் கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பட்டம். தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வரும் அந்நியர்க்குத் தரப்படுவது இ-2 என்னும் விசா. ஹக்வோன் என்று அந்நாட்டார் அழைக்கும் தனியார் பாடசாலைகளில் வேலைக்கமரும் வெளிநாட்டார் பெரும்பாலும் இவ்விசாவின் பேரிலேயே வருகின்றனர். அதற்குப் பட்டம் வேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் என்பது பொருட்டன்று. விலங்கு நூல் பயின்றவரும் கணக்குப் பதிவு பயின்றவரும், ஒருநாளேனும் வகுப்பில் நின்றறியாதவராயினும், அங்கே ஆங்கில உபாத்தியாயராகலாம். இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த பரீட்சை நிலையத்தார் ‘செல்டா’ என்று ஒரு சான்றிதழ் வழங்குகின்றனர். அதற்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களின் எதிரே நின்று, பயிற்சியாளர் ஒருபுறம் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இச்சான்றிதழைப் பெறுவதற்குப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் இதை மாத்திரம் கையில் வைத்திருப்பவனுக்குக் கொரியாவின் கதவு திறவாது. கற்பிக்கத் தெரியும் என்று காட்டியவன் வெளியே நிற்க, கற்பித்தறியாதவன் உள்ளே செல்கிறான்.

ஜப்பானியர் சற்று நிதானித்திருக்கின்றனர். அந்நாட்டுச் சர்க்கார் 1987 முதல் நடத்தி வரும் ‘ஜெட்’ திட்டத்துக்குப் பட்டம் இன்றியமையாததுதான். எனினும், மொழி கற்பிக்கும் வேலைக்கான விசாவில், பட்டத்துக்குப் பதிலாக மூன்றாண்டு அநுபவத்தைக் காட்டுவதற்கும் அங்கே வழியுண்டு. சீனர் பட்டத்தோடு இரண்டாண்டு அநுபவமும் கேட்கின்றனர். பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அநுபவத்தை விட்டுக் கொடுக்கின்றனர். விதிகள் நாட்டுக்கு நாடு இப்படி மாறுவதே, பட்டம் என்பது கற்பிக்கும் திறமைக்கு அசைக்க முடியாத அளவுகோலன்று என்பதைக் காட்டவில்லையா?

அதிகாரியின் சங்கடத்தை நாம் உணராமலில்லை. சியோல் நகரத்தில் மேசையின்பின் அமர்ந்திருப்பவர், ஆயிரக்கணக்கான விண்ணப்பதாரரின் வகுப்புக்குள் போய் உட்கார்ந்து பார்க்க முடியாது. அவருக்கு எண்ணத்தக்கதாக, முத்திரை குத்தத்தக்கதாக ஏதேனும் ஒன்று வேண்டும். பட்டம் அப்படிப்பட்ட பொருள். மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றை விடாமல் செய்து முடித்தான் என்பதையும் அது ஒருவாறு காட்டும். அதோடு, அந்த மூன்று நான்கு ஆண்டுகள் அவன் சம்பாத்தியமில்லாமலே அவன் வீட்டில் அடுப்பெரிந்தது என்பதையும் காட்டும். இரண்டாவதைப்பற்றி யாரும் பேசுவதில்லை.

இவ்விடத்தில் நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மேற்சொன்ன கொரிய விசா, ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுப் பிரஜைகளுக்கென்றே ஏற்பட்டது. தனி உடன்படிக்கையின் வழியாக இந்திய ஆசிரியர்களுக்கு ஒரு சிறு திட்டிவாசல் திறக்கப்பட்டதுண்டு, அவ்வளவுதான். சிங்கப்பூரில் 1987 முதல் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே போதனா மொழியாயிற்று. அங்கே ஆறு வயது தொடங்கி ஆங்கிலத்திலேயே கணக்கும் விஞ்ஞானமும் பயின்று, ஆங்கில இலக்கியத்திலேயே பட்டமும் பெற்ற ஒரு பெண்மணி அந்த ஏழில் ஒன்றில் பிறக்கவில்லை, ஆகவே அவ்வாசல் அவருக்குரியதன்று. மனிதனின் தகுதியைப் பிறந்த இடத்தைக் கொண்டு நிச்சயிக்கும் வழக்கத்தை எதிர்த்து நம்மவர் எத்தனை காலம் வாதாடியிருக்கின்றனர்! அதே வழக்கம் பாஸ்போர்ட்டின் அட்டைக்குள் ஒளிந்துகொண்டு வரும்போது, அது வெறும் நிர்வாக விதியாகத் தோன்றி நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

அளவுகோல் கோணலாயிருந்தால் ஜனங்கள் அதை வளைக்கவும் கற்றுக்கொள்வார்கள். பாங்காக் நகரத்தின் காவோ சான் வீதியிலே போலிப் பட்டங்கள் கடை விரித்து விற்கப்பட்டது உலகறிந்த செய்தி. அங்கே அப்பட்டத்தை வாங்கியவன் பள்ளிக்குள் நுழையும் முதல் நாளே ஒரு பொய்யோடு நுழைகிறான். அவன் நல்ல உபாத்தியாயனாகவே இருக்கலாம். ஆயினும், தன் தொழிலின் அடியில் ஒரு பொய் கிடக்கின்றது என்பதை அவன் அறிவான். தலைமையாசிரியர் அறிந்துகொண்டால் அவன் கதி அவர் கையில். சம்பளம் குறைந்தாலும் அவன் வாய் திறவான். சக ஆசிரியனொருவன் பிள்ளைகளிடம் முறைதவறி நடப்பதைக் கண்டாலும் போலீஸுக்குப் போகத் தயங்குவான். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று விதிக்கப்பட்ட நிபந்தனை, பிள்ளைகளுக்காகப் பேச வேண்டியவனின் வாயைக் கட்டிவிடுகிறது. இதை விதி செய்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்பது நம் சந்தேகம்.

பட்டமில்லாதவன் பாடஞ் சொல்வது நமக்குப் புதிய செய்தியுமன்று. மலாயாவில் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று விதித்தது. உபாத்தியாயர் யார் என்பதில் அவ்வளவு கண்டிப்பில்லை. கங்காணி பாடஞ் சொன்ன தோட்டமுண்டு. கிராணி பாடஞ் சொன்ன தோட்டமுண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த எவரேனும் ஒருவர் பிரம்பை எடுத்துக்கொண்ட தோட்டமுமுண்டு. அவர்களுள் சிலரிடம் எழுத்தறிந்து முன்னுக்கு வந்த குடும்பங்கள் இன்றும் அவர்களை நன்றியோடு நினைக்கின்றன. ஆனால் இதைக் கொண்டு ‘பட்டமும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம்’ என்று வாதிப்பதற்கு நாம் ஒருப்படோம். அந்தப் பள்ளிகளில் உபாத்தியாயரின் படிப்பையும் நடத்தையையும் யாரும் துருவிக் கேளாததற்குக் காரணம், மனிதர்மேலிருந்த நம்பிக்கையன்று. பாலெடுக்கும் கூலியின் பிள்ளைக்கு இது போதும் என்னும் எண்ணமே. கேள்வி கேட்காமல் விடுவதும் சில சமயம் அவமதிப்பின் ஒரு வகைதான். இதைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இனி இரண்டாவது காகிதம். இதில்தான் நம் மனம் மிகவும் தடுமாறுகிறது.

1873 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லேன், குடிபோதையில், தம் தோழரும் இளங்கவிஞருமான ரேம்போவைக் கைத்துப்பாக்கியால் சுட்டார். குண்டு மணிக்கட்டில் பாய்ந்தது. வெர்லேனுக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1875 ஜனவரியில் வெளியே வந்தார். சட்டம் படிக்கத் தொடங்கி, பட்டம் பெறாமல் நடுவிலே விட்டவர் அவர். ஆக, நாம் பேசும் இரு குறைகளும் ஒருங்கே அமைந்தவர். சில மாதங்களுக்குள்ளாகவே இங்கிலாந்துக்குச் சென்று, லிங்கன்ஷயரில் ஸ்டிக்னி என்னும் சிற்றூர்ப் பள்ளியில் பிரெஞ்சும் சித்திரமும் போதிக்கும் வேலையில் அமர்ந்தார். அவரை யாரும் காகிதம் கேட்கவில்லை. ஊரார் அறிந்ததெல்லாம், மரியாதையாகப் பேசும் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதே. குடியைவிட்டு, நேரந்தவறாமல் பாடம் நடத்தி, தலைமையாசிரியரிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டு, அவ்வூரில் அவர் அமைதியாகவே காலங்கழித்தார். சிறையிலிருந்து வருபவனுக்கு வேலை கொடுத்தால் அவன் மனிதனாவான் என்று வாதிப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1877 இல் பிரான்ஸுக்குத் திரும்பி, ரெதெல் என்னும் ஊரில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் போதிக்கும் உபாத்தியாயரானார். அங்கே தம் மாணாக்கரான லூசியன் லெதினுவா என்னும் இளைஞரிடம் அளவுகடந்த பற்றுக் கொண்டார். குடியும் திரும்ப வந்தது. 1879 இல் பள்ளியை விட்டு நீங்கியபோது, அவ்விளைஞரையும் உடனழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். உபாத்தியாயருக்கும் மாணாக்கருக்கும் இடையே இருக்க வேண்டிய எல்லையை அவர் காத்தார் என்று எவரும் சொல்ல முடியாது.

இந்த உதாரணம் இரு பக்கமும் வெட்டுகிறது என்பதை நாம் மறைக்கவில்லை. சான்றுப் பத்திரம் கேட்டிருந்தால் ஸ்டிக்னி அவருக்குக் கிடைத்திராது, ரெதெலும் கிடைத்திராது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெல்ஜியத்து நீதிமன்றப் பதிவேட்டில் எழுதியிருந்தது, ‘காயம் விளைவித்தான்’ என்பது. ரெதெலில் அஞ்ச வேண்டியிருந்தது வேறொன்று. பதிவேடு பேசியது, ஆனால் கேட்க வேண்டிய கேள்விக்கு அது விடை சொல்லவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2007 அக்டோபரில், உலகப் போலீஸ் ஸ்தாபனமாகிய இன்டர்போல் ஒரு மனிதனின் படத்தை வெளியிட்டு, இவன் யார் என்று உலகத்தாரைக் கேட்டது. சிறுவர்களிடம் அவன் இழைத்த கொடுமைகளின் படங்கள் கிடைத்திருந்தன; முகம் மாத்திரம் சுழித்து மறைக்கப்பட்டிருந்தது. ஜெர்மானிய நிபுணர்கள் அச்சுழியை நிமிர்த்தி முகத்தை வெளிக்கொணர்ந்தனர். சில நாட்களில் அவன் தாய்லாந்தில் பிடிபட்டான். கனடா நாட்டவன், அதுவரை கொரியாவில் ஆங்கில உபாத்தியாயனாக இருந்தவன். கொரியத் தாய்தந்தையர் கொதித்தெழுந்தனர், கொதித்தது நியாயமே. அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்நாட்டுச் சர்க்கார், ஆங்கிலம் கற்பிக்க வருவோர் அனைவரும் போலீஸ் சான்றும் வைத்தியப் பரிசோதனையும் தர வேண்டுமென்று விதித்தது. சோகம் என்னவெனில், கோபத்துக்குக் காரணமான அம்மனிதன்மேல் அதற்குமுன் எந்த நாட்டிலும் தண்டனை இருந்ததாகத் தெரியவில்லை. புதிய விதி ஓராண்டு முந்தியே பிறந்திருந்தாலும், சுத்தமான காகிதத்தோடு அவன் உள்ளே வந்திருப்பான்.

பயம் ஒரு முறை சட்டமாகிவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதையும் இதே விதி காட்டிற்று. வைத்தியப் பரிசோதனையில் எச்.ஐ.வி சோதனையும் சேர்க்கப்பட்டது. கொரியருக்கும், கொரிய வம்சத்தில் பிறந்த அந்நியருக்கும் அச்சோதனை இல்லை. மற்றையோருக்கு மாத்திரம் உண்டு. நியூஜிலாந்து ஆசிரியை ஒருவர் 2009 இல் மறுசோதனைக்கு மறுத்தார், வேலை நீட்டிக்கப்படவில்லை. அவர் விட்டுவிடாமல் ஐக்கிய நாடுகளின் இன வேற்றுமை ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டார். 2015 இல் அக்குழு அவர் பக்கம் நியாயமிருப்பதாகத் தீர்ப்புரைத்தது. 2017 இல் கொரியா அச்சோதனையைக் கைவிட்டது. பிள்ளையின் பாதுகாப்புக்கும் ஆசிரியையின் இரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பாவியின் பெயரால் ஒரு வகுப்பாரையே அசுத்தர் என்று ஒதுக்கும் பழைய நோயன்றி இது வேறென்ன?

இதைக் கேட்டு, ‘ஆகவே போலீஸ் சான்று வீண்’ என்று முடிவு கட்டுவோரும் சற்றுப் பொறுக்க வேண்டும். வில்லியம் வேஹி என்னும் அமெரிக்கர் 1969 இல் கலிபோர்னியாவில் சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். அதன்பின் ஏறக்குறைய 40 ஆண்டுகள், ஈரான், ஸ்பெயின், கிரீஸ், சவூதி அரேபியா, இந்தோனேசியா, வெனிசுலா, இங்கிலாந்து, நிகராகுவா என்று நாடு நாடாகப் பெயர்பெற்ற சர்வதேசப் பள்ளிகளில் ஆசிரியராயிருந்தார். படிப்பிலே குறையில்லை; நற்சாட்சிக் கடிதங்களிலே குறையில்லை; பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதில் உற்சாகமுள்ளவர் என்று பாராட்டும் பெற்றார். அந்தச் சுற்றுலாக்களின் இரவுகளில் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கொடுமை புரிந்துவந்தார் என்பது 2014 இல் வெளிவந்தது; அதோடு அவர் தற்கொலை செய்துகொண்டார். அவரிடமிருந்த படங்களில் குறைந்தது 90 சிறுவர்கள் காணப்பட்டதாக அமெரிக்கப் புலனாய்வு இலாகா அறிவித்தது. பழைய தண்டனையை அவரை வேலைக்கு வைத்த பள்ளிகள் அறியவில்லை. ஒரே ஒரு பள்ளி அதை அறிந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்! இத்தகைய மனிதனைக் கொண்டு பார்க்கும்போது, சான்று கேட்பதை அவமானம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

கொரியாவில் பிடிபட்டவன் காகிதத்தில் சுத்தமாயிருந்தான். வேஹியின் கறையோ காகிதத்திலேயே இருந்தது. ஆகவே, சான்று வேண்டியதே. ஆனால் அது போதாது. பிரிட்டனில் 2012 முதல் வெளிநாட்டுப் பள்ளிகளுக்குச் செல்வோருக்கென்றே ஒரு தனிச் சான்று ஏற்படுத்தியிருக்கின்றனர். அதில் தண்டனைகள் மாத்திரமின்றி, பிள்ளைகளுக்குத் தீங்கு நேரக்கூடுமென்று போலீஸார் அறிந்துள்ள செய்தியும் பரிசீலிக்கப்படுகிறது. பிள்ளையைப்பற்றிய கேள்வியைப் பிள்ளையைப்பற்றிய கேள்வியாகவே கேட்கும் முயற்சி இது என்று நாம் மதிக்கின்றோம்.

ஏனெனில், எல்லாவற்றையும் துருவிக் கேட்பதால் நேரும் அநீதியும் சிறிதன்று. மான்செஸ்டர் பக்கத்துச் சிறுவனொருவன் 2002 இல், பதினோரு வயதில், இரண்டு சைக்கிள்களைத் திருடியதாகப் போலீஸாரால் எச்சரித்து விடப்பட்டான். கோர்ட்டு இல்லை, தண்டனை இல்லை. பதினேழாம் வயதில் உள்ளூர்க் கால்பந்துக் கழகத்தில் பகுதி நேர வேலைக்குப் போனபோது அந்தச் சைக்கிள்கள் வந்து நின்றன. பின்னர் விளையாட்டுக் கல்வி பயில விண்ணப்பித்தபோது, பிள்ளைகளோடு பழக வேண்டிய படிப்பாதலால், மீண்டும் வந்து நின்றன. இன்னொரு பெண்மணி 2001 இல் கடையில் செயற்கை நகப் பொட்டலம் ஒன்றை எடுத்ததற்காக எச்சரிக்கப்பட்டவர். எட்டாண்டுகளுக்குப்பின் முதியோரைப் பேணும் வேலைக்குப் பயிற்சி பெற்றும், அந்த நகங்கள் குறுக்கே நின்றன. இவ்விருவர் வழக்கையும் 2014 ஜூனில் விசாரித்த பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு, இப்படி வேறுபாடின்றி எல்லாவற்றையும் வெளியிடுவது மனிதனின் தனிவாழ்வுரிமைக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. பதினோரு வயதுச் சைக்கிளும் வேஹியின் 1969 ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஒரே பத்திரத்தில் ஒரே எழுத்தில் அச்சாகுமானால், அப்பத்திரத்தைப் படிப்பவர் எதைக் கற்றுக்கொள்வார்?

குற்றங்கள் காலத்தால் தீரும் என்பதை நாகரிக நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் 1974 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. பிள்ளைகளோடு பழகும் வேலைகளுக்கு விலக்கும் வைத்தது. சிங்கப்பூரில் 2005 இல் நிறைவேறிய திருத்தத்தின்படி, மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், ஐந்தாண்டு குற்றமின்றி வாழ்ந்தால், அவர் பதிவு தீர்ந்துபோனதாகக் கொள்ளப்படும், ‘தண்டனை உண்டா?’ என்று கேட்டால் இல்லையென்று சொல்ல அவருக்கு உரிமையுண்டு. ஆனால் இவையெல்லாம் அந்தந்த நாட்டு எல்லைக்குள் செல்லும் நாணயம். அயல்நாட்டு விண்ணப்பத் தாள், ‘என்றேனும், எங்கேனும் தண்டிக்கப்பட்டதுண்டா?’ என்று கேட்கும்போது, உள்ளூரில் தீர்ந்த கடன் அங்கே மறுபடியும் வட்டியோடு எழுந்து நிற்கிறது. கனடாவில் 2018 முதல் கஞ்சா வைத்திருத்தல், அளவுக்குட்பட்டால், குற்றமன்று. ஆனால் அதற்கு முன்னே அதற்காகத் தண்டனை பெற்றவர் ஜப்பானுக்குள் நுழைய முயன்றால், போதைப்பொருள் குற்றத்துக்கு அந்நாட்டுச் சட்டத்தில் காலவரையறை இல்லாத தடை காத்திருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் வீட்டுக்கு யாரை அழைப்பது என்று தீர்மானிக்கும் உரிமையுடையது. அதை நாம் மறுக்கவில்லை. உபாத்தியாயரைத் தேடும் பள்ளிக்கு அக்குற்றம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே நம் கேள்வி.

நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுவோம். பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்தவன் எத்தனை ஆண்டு கழித்தானாயினும், எவ்வளவு மனம் வருந்தினானாயினும், பள்ளிக்கூடத்துக்குள் வேலைக்கு வரலாகாது. அவன் தண்டனை முடிந்துவிட்டது உண்மை. இது தண்டனையின் தொடர்ச்சியுமன்று. கண்பார்வை இழந்தவனுக்கு மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் மறுப்பதை யாரும் தண்டனை என்று சொல்வதில்லை. அவனுக்கு உலகில் வேறு வேலைகள் உண்டு. பிள்ளைகள் இல்லாத தொழில்கள் ஆயிரம். திருடியவன், சண்டையிட்டவன், கள்ளக் கையெழுத்திட்டவன், போதையில் வீழ்ந்தெழுந்தவன் ஆகியோர் நிலை வேறு. அவர்கள் விஷயத்தில், என்ன செய்தான், எந்த வயதில் செய்தான், அதற்குப்பின் எப்படி வாழ்ந்தான் என்று கேட்ட பிறகே கதவைச் சாத்த வேண்டும்.

இப்படிப்பட்டவன் தானாகவே தன் கதையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்பது அடுத்த கேள்வி. ஊர் விட்டு ஊர் வந்து, தன்னை அறியாதவர் நடுவே புதிதாகத் தொடங்குவது மனிதனின் பழைய ஆசை. நம் பாட்டன்மார் பலர் கப்பலேறியதற்கு வறுமை ஒன்றே காரணமென்று நாம் சாதிக்க மாட்டோம். பழைய பெயரை நாகப்பட்டினத்துக் கரையிலேயே விட்டுவந்தவரும் இருந்திருப்பர். அந்த ஆசையை இழிவென்று நாம் கருதவில்லை. கேளாதவரிடம் வலியப்போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்பதே நம் கொள்கை. ஆனால் கேட்டால் பொய் சொல்லலாகாது. கேள்வி அநியாயமாக அகன்றதாயிருப்பினும் பொய் சொல்லலாகாது. மறுநாள் வகுப்பில் ‘யார் இதை உடைத்தது?’ என்று கேட்டுப் பிள்ளையை உண்மை பேசச் சொல்லப்போகிறவன் அவன். அகன்ற கேள்வியைக் கேட்டு, விடையைப் படித்துப் பாராமலே தள்ளிவிடும் பள்ளி நிர்வாகியும் அப்பொய்யில் பங்காளி என்பதையும் சொல்லாமல் விடோம். உண்மை சொன்னவனுக்கு நேரும் பலன் எப்போதும் ஒன்றே என்றால், அடுத்து வருபவன் உண்மை சொல்வானா?

தோட்டப் பள்ளியைப்பற்றிப் பேசியபோது ஒன்றை நிறுத்திவைத்தோம். செல்வ நாடுகள் கட்டும் வேலி, விலக்கப்பட்டவனை எங்கே அனுப்புகிறது? கொரியா தள்ளியவன் தன் ஊருக்குத் திரும்பிப் போய்விடுகிறான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சம்பளம் குறைந்த, கேள்வியும் குறைந்த நாட்டுக்கே போகிறான். கம்போடியாவில் பட்டமில்லாத வெளிநாட்டாரும் ஆங்கிலம் கற்பித்துப் பிழைப்பது நெடுநாள் வழக்கம். அங்கே போகிறவர்களில் பெரும்பாலார் நல்லவர்கள். பட்டம் பெறப் பணமில்லாதவர்கள், சைக்கிள் திருடிய சிறுவனைப்போன்ற பழைய கறையுடையவர்கள், ஊர் சுற்ற வந்து பிள்ளைகளின்மேல் பாசம் வைத்துத் தங்கிவிட்டவர்கள். ஆனால் வேஹியைப்போன்றவனும் அதே விமானத்தில்தான் வருகிறான். சியோல் வாசற்காவலர் இருவரையும் ஒரே காரணத்துக்காகத் திருப்பினார். புனோம் பென் நகரத்துச் சிறு பள்ளியின் வாசலிலோ காவலரே இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளையின் பாதுகாப்பு ஏழை வீட்டுப் பிள்ளையின் அபாயமாக இடம் மாறுகிறது. பாலெடுக்கும் கூலியின் பிள்ளைக்கு இது போதும் என்ற அந்தப் பழைய எண்ணம், இப்போது எவரும் வாய்விட்டுச் சொல்லாமலே, நாடுகளுக்கிடையே நடைபெறுகிறது.

அச்சிறு பள்ளியை நடத்துபவரிடம் அமெரிக்கப் புலனாய்வு இலாகாவின் முத்திரையை வாங்கிவரச் சொல்லிப் பயனில்லை. அவர் செய்யக்கூடியவை வேறு. வருகிறவன் கடைசியாக வேலை செய்த இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்களோடு, அவன் கொடுத்த எண்ணில் அல்லாமல் தாமே தேடியெடுத்த எண்ணில், டெலிபோனில் பேசலாம். ‘உங்கள் பிள்ளைகளை மறுபடி இவரிடம் ஒப்படைப்பீர்களா?’ என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் நேரும் மௌனத்தையும் கவனிக்கலாம். வகுப்பறைக் கதவில் கண்ணாடி வைக்கலாம். இரவு தங்கும் சுற்றுலாவில் எந்த ஆசிரியரும், அவர் பத்துப் பட்டம் பெற்றவராயினும், தனியே பிள்ளைகளோடு தங்கலாகாது என்று விதிக்கலாம். வேஹி பணியாற்றிய அத்தனை பள்ளிகளிலும் அந்த ஒரு விதியும், அதைக் கண்டிப்பாய்க் காக்கும் இரண்டாவது ஆசிரியரும் இருந்திருந்தால், அவருடைய பட்டங்களும் நற்சாட்சிக் கடிதங்களும் அவருக்கு அவ்வளவு உதவியிரா. இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு கண்ணாடித் துண்டும், இரண்டு டெலிபோன் அழைப்பும், சுற்றுலாவுக்கு இன்னொருவரின் பஸ் கட்டணமும்தான். அம்மூன்றையும் அச்சிறு பள்ளியாலும் கொடுக்க முடியும். அதிகமான கட்டணம் வசூலிக்கும் நம் ஊர் டியூஷன் வகுப்புகளில் எத்தனை கதவுகளில் கண்ணாடி இருக்கிறது என்பதை, அடுத்த முறை பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது நம் வாசகர்கள் பார்த்துவரட்டும்.